பொறியும் ஐம்பொறியும்

பொறி என்னும் சொல் தமிழிலே பல பொருள் குறித்து வருவது. எந்திரத்துக்கும் பொறி என்று பெயர். நெருப்பிலிருந்து தெறிக்கும் துகளுக்கும் பொறி என்று பெயர். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்துக்கும் பொறி என்றே பெயர். மோட்டார் வண்டியின் எஞ்சினை நோக்குங்கால் இம்மூன்று பொருளும் ஓரிடத்திற் கூடுதல் காணலாம். தீப்பொறியால் இயங்குவது அந்தப் பொறி. அதன் நோயை அறிதற்கு நமக்கு வாய்த்த கருவி ஐம்பொறி. இதனை யான் ஏட்டிலிருந்து கற்றேனல்லேன். நடுத்தெருவில் நின்று கற்றேன்.

என்னிடம் இருபது ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதற்கொரு விசித்திர நோய் பிடித்தது. காலையிற் புறப்படும்போது குறையொன்றும் தோன்றாது. மூன்று கட்டை தூரம் ஓடும், பின்னர் இளைக்கும், நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரமாய் நிறுத்திவைத்தால் ஒன்றும் நடவாதது போல மீண்டும் புறப்படும். ஒரு கராச்சிற் பிளக்கை மாற்றினார்கள். மற்றொன்றிற் காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். மூன்றாமிடத்தில், எஞ்சினையே பிரித்து உள்ளுறுப்புகளைப் புதிதாய் இடவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் ஒருமாதச் சம்பளத்தை விழுங்குவது.

அப்பணத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்த நாளில், என் மகளை உயர்தரப் பரீட்சைக்கு ஏற்றிச் சென்ற காலைப்பொழுதில், வண்டி நடுவழியில் நின்றது. அவ்வழி வந்த ஓட்டோக்காரர் ஒருவரின் இரக்கத்தாற் பிள்ளை நேரத்துக்கு மண்டபம் சேர்ந்தாள். யான் வண்டியை உருட்டிக்கொண்டு, அருகே பூவரசமரத்தின் கீழ்ப் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் சென்றேன்.

அவர் ஆயுதம் எதனையும் கையில் எடுத்திலர். கேள்வி கேட்டார்.

"மாஸ்ரர், வெளிக்கிட்டு எவ்வளவு நேரத்திலை நிக்குது? திடீரெண்டு நிக்குதோ, இளைச்சு இளைச்சு நிக்குதோ? கொஞ்சம் பொறுத்து உதைச்சால் ஸ்ராட் வருதோ?"

யான் சொன்ன விடைகளைக் கேட்டதும் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தார். காற்று உட்புகும் ஓசை உஸ்ஸென்று கேட்டது. அம்மூடியில் ஊசித்துளை போன்ற மூச்சுவழி ஒன்று உண்டு. அஃது அழுக்கால் அடைபட்டிருந்தது. பெற்றோல் கீழே இறங்க இறங்க மேலே காற்றுப் புகல் வேண்டும். புகாவிடில் தாங்கியின் உள்ளே அமுக்கம் குறைந்து, பெற்றோலை இறங்கவொட்டாது தடுக்கும். சற்றுப் பொறுத்தாற் காற்றுச் சிறிது சிறிதாய்க் கசிந்து புகும், வண்டியும் ஓடும். முதியவர் ஓர் ஊசியால் அத்துளையைத் திறந்தார். வேறு வேலை இருக்கவில்லை. கூலி வாங்க மறுத்து, தேநீர் மட்டும் ஏற்றுக்கொண்டார்.

உறுப்பை மாற்றுதற்கு முன்னே காரணத்தை வினாவுதல் வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன். நோயின் மூலத்தை ஆராய்ந்த பின்னரே மருந்தை நாடும்படி திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவனுக்கு விதிக்கின்றது. அவ்விதி கம்மியனுக்கும், வண்டியின் உடையவனுக்கும் ஒக்கும். 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியைக் காத்தலே பலருக்குப் பிழைப்பைக் காத்தலாயிற்று. இன்றும் எளியவர் வீட்டில் அந்நிலை பெரிதும் மாறிற்றில்லை. ஆதலின் இவ்விடயம் பண்டிதருக்குப் புறம்பானதென்று யான் கருதவில்லை.

நால்வகைத் தொழில்

எஞ்சின் செய்யும் தொழில் நான்கு. காற்றையும் பெற்றோலையும் உறிஞ்சுதல் ஒன்று. உருளைக்குள் ஆடுதண்டு மேலெழுந்து அக்கலவையை நெருக்குதல் இரண்டு. பிளக்கின் பொறியால் அஃது எரிந்து ஆடுதண்டைத் தள்ளுதல் மூன்று. எரிந்த புகையை வெளியேற்றுதல் நான்கு. இம்முறையில் ஓடும் எஞ்சினை ஜெர்மனியிலே நிக்கொலஸ் ஒட்டோ என்பார் 1876 இல் இயக்கிக் காட்டினார். நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சினில், ஒவ்வோர் உருளையிலும் ஒரு செக்கனுக்கு 25 முறை பொறி தெறிக்கின்றது. டீசல் எஞ்சினுக்கோ தீப்பொறி வேண்டா; நெருக்குண்ட காற்றின் சூடே எண்ணெயைப் பற்றவைக்கும்.

ஆகவே, பெற்றோல் வண்டி புறப்பட மறுக்குமாயின் ஆராய வேண்டுவன நான்கே: உணவு உண்டா, மூச்சு உண்டா, பொறி உண்டா, நெருக்கம் உண்டா. எளியதிலிருந்து அரியதற்குச் செல்க. தாங்கியிற் பெற்றோல் உள்ளதா, அதன் குழாய் திறந்துள்ளதா, கைப்பிடியிலுள்ள நிறுத்து பொத்தான் தவறி அழுத்தப்பட்டுள்ளதா என்று பாராமல் எஞ்சினைப் பிரித்தோர் பலர்.

கண்

புகையை முதலில் நோக்குக. கரும்புகை எழுமாயின் உணவு மிகுந்தது, அன்றேல் மூச்சுக் குறைந்தது. ஒரு லீற்றர் பெற்றோல் செவ்வனே எரிதற்கு ஏறக்குறைய 9000 லீற்றர் காற்று வேண்டும். அத்தனை காற்றும் எயார் பில்ரர் என்று வழங்கும் சிறு வடியின் வழியே புகவேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் செம்மண் ஒழுங்கைகளில் ஓடும் வண்டிக்கு அவ்வடி எவ்வளவு விரைவில் அடைபடும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. பஞ்சுபோன்ற வடியைக் கழுவி உலர்த்தி, எண்ணெய் தோய்த்துப் பிழிந்து இடலாம். கடதாசி வடியை நனைத்தலாகாது. தட்டித் தூசு போக்குக, பழுதாயின் மாற்றுக.

நீலப்புகை எழுமாயின் எஞ்சின் ஒயில் எரிகின்றது. நெடுநேரம் நின்ற வண்டி புறப்படும்போது மட்டும் தோன்றி மறைவது பெரும்பாலும் வால்வின் சீல் தேய்ந்ததன் குறி. வேகம் கூட்டும்போதெல்லாம் தோன்றுவது ஆடுதண்டின் வளையங்கள் தேய்ந்ததன் குறி. முன்னது சிறு செலவு, பின்னது பெருஞ்செலவு. இவ்வேறுபாட்டை அறியாதவன் முன்னதற்கும் பின்னதன் விலையைக் கொடுக்க நேரும். பெற்றோலோடு ஒயில் கலந்து ஓடும் பழைய டூ ஸ்ரோக் வண்டிக்குச் சிறிது நீலப்புகை இயல்பேயாம். வெண்புகை, குளிர்காலையிற் சிறிதுநேரம் தோன்றுவது வெறும் நீராவி. நீராற் குளிரும் எஞ்சினில் அது நீங்காது நிற்பதும், றேடியேற்றர் நீர் குறைந்துகொண்டே போவதும் சேர்ந்து கண்டால், உருளைத் தலையின் கஸ்கற் பழுதாயிற்றென ஐயுறுக.

வைத்தியர் நாவை நீட்டச் சொல்வதுபோலக் கம்மியர் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பர். அதன் நுனி இளங்கபில நிறமாயிருப்பது நலம். உலர்ந்த கரி படிந்திருப்பின் பெற்றோல் மிகுதி; ஈரமான எண்ணெய்க் கரியாயின் ஒயில் மேலேறுகின்றது; வெளுத்துக் கொப்புளித்திருப்பின் சூடு மிகுதி.

பலர் கேட்கும் வினாவொன்று: ஒயில் கறுத்துவிட்டது, கெட்டுவிட்டதா? கறுத்தல் ஒன்றே கேட்டின் குறியன்று. கரியைத் தன்னுள் ஏந்தி வைத்திருத்தலும் ஒயிலின் கடமையே. எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதென்பதைக் கையேட்டின்படி கொள்க. ஆனால் ஒயில் பால் கலந்த தேநீர் போலத் தோன்றினால் நீர் கலந்துவிட்டது. காரணம் அறியாமல் வண்டியை ஓட்டற்க. மோட்டார் சைக்கிள் பலவற்றில் எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் ஒரே ஒயில் என்பதையும் மறவற்க. காருக்குரிய ஒயில் சிலவற்றை இட்டாற் கிளச்சு வழுக்கும். போத்தலில் ஜாசோ எம்.ஏ. என்னும் குறியைத் தேடி வாங்குக.

செவி

மேலிருந்து கேட்கும் மெல்லிய டிக்டிக் ஓசை பெரும்பாலும் வால்வின் இடைவெளி பற்றியது, சீர்செய்தல் எளிது. மேடேறும்போது சில்லறைக் காசைத் தகரத்திற் குலுக்குவது போன்ற ஓசை கேட்பின், கலவை தான் எரியவேண்டிய முறை தப்பி எரிகின்றது. உருளைக்குட் படிந்த காபனாலும், தரங்குறைந்த பெற்றோலாலும், சூட்டாலும் இது நேரும். அடியிலிருந்து எழும் கனத்த இடியோசையோ அபாயக்குரல், பெயரிங் தேய்ந்ததென்க. அப்பொழுதே நிறுத்துக. ஒயில் விளக்கு எரியும்போதும் அவ்வாறே. "வீடு மட்டும் போவோம்" என்று ஓட்டியவர் வீட்டுக்கு எஞ்சினைக் கொண்டுபோவதில்லை.

92 ஒக்ரேனுக்குப் பதில் 95 இட்டால் வலு கூடுமா என்பாரும் உளர். முறை தப்பி எரிவதைத் தாங்கும் ஆற்றலின் அளவே அவ்வெண், வலுவின் அளவன்று. 92 இலே ஓசையின்றி ஓடுமாறு அமைந்த சிறு எஞ்சினுக்கு 95 ஆல் ஆவது பெரும்பாலும் பணச்செலவே.

மூக்கு

எரியாத பெற்றோல் மணத்தாற் காபரேற்றரின் மிதவை கசிகின்றதெனவும், கருகிய மணத்தாற் கிளச்சு எரிகின்றதெனவும், இனிய மணத்தால் றேடியேற்றரின் குளிர்திரவம் ஒழுகுகின்றதெனவும் அறிக. 2022 இல் எரிபொருள் இன்றிப் பல வண்டிகள் மாதக்கணக்கில் உறங்கின. உறங்கி எழுந்த வண்டிகள் புறப்பட மறுத்தமைக்குக் காரணம் பலவற்றில் ஒன்றே. காபரேற்றரில் தங்கிய பெற்றோல் ஆவியாகிப் பிசினை விட்டுச் சென்று, நூலிழை போன்ற துளைகளை அடைத்தது. புளித்த மணமே அதற்குச் சான்று. நெடுநாள் நிறுத்துவதாயின் காபரேற்றரை வடித்துவிடுதல் நன்று.

மெய்

சூட்டை அறிவது மெய். ஆனால் சூடான றேடியேற்றரின் மூடியை எக்காலத்தும் திறவற்க. அமுக்கத்தில் உள்ள நீர் 100 பாகைக்கு மேலும் கொதியாதிருக்கும். மூடி திறந்த கணத்திற் கொதித்துச் சீறிப் பாயும். அதனால் முகம் வெந்தோர் உளர். மேலும், யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் அமைந்தது. நம் கிணற்றுநீர் தேநீர்க் கேத்தலில் வெள்ளையாய்ப் படிவதை யாவரும் அறிவர். அந்நீரையே றேடியேற்றரில் ஊற்றினால் அங்கும் அப்படிவு நேரும், குழாய்கள் ஒடுங்கும், எஞ்சின் கொதிக்கும். குளிர்திரவமோ காய்ச்சி வடித்த நீரோ இடுக. பற்றறிக்கும் வடித்த நீரே உரியது. கடற்காற்றுப் படும் ஊர்களிற் பற்றறி முனைகளில் பூத்த வெண்பூவை, மறைமுனையை முதலிற் கழற்றிவிட்டு, அப்பச்சோடா கரைத்த வெந்நீராற் கழுவுக.

வாய்

வாய்க்குரிய தொழில் வினாவுதல். அதனைச் செய்யாது வேறொன்று செய்வோர் உளர். குழாயை வாயில் வைத்துப் பெற்றோலை உறிஞ்சி எடுப்பர். ஒரு மிடறு நுரையீரலுட் புகுந்தாற் கடுமையான நுரையீரல் அழற்சி உண்டாகும், உயிரும் போகலாம். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுக.

இப்பழக்கம் நம்மிடையே வேரூன்றியதற்கு ஒரு காலம் காரணம். 1990 முதலான போர் ஆண்டுகளில், பொருளாதாரத் தடையாற் குடாநாட்டிற் பெற்றோல் கிடைத்தற்கு அரிதாயிற்று. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாவதில்லை. ஆதலிற் சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோற் சொட்டுகளால் எஞ்சினைப் புறப்படச் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எரியாத எண்ணெய் உருளையின் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயிலின் மட்டம் உயரும், தன்மையோ கெடும். மாற்றுதற்குப் புதிய உறுப்புக் கிடையாத அக்காலத்தில், இருந்த உறுப்பைக் கொண்டே நோய்தீர்க்க வேண்டியிருந்தது. பூவரசமரத்து முதியவர் தேநீர் அருந்தியவாறு சொன்னார்: "சாமான் இல்லாத காலத்திலைதான் மாஸ்ரர், நாங்கள் யோசிக்கப் பழகினது."

ஆறாவது அறிவு

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்த தொல்காப்பியம், ஆறாவதாக வைத்தது மனத்தை. எஞ்சின் விடயத்திலும் ஐம்பொறிக்கு எட்டாத பகை ஒன்றுண்டு. புகையிற் கலந்துவரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசன் அமரவேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு கவர்ந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், பின்னர் மரணம். மூடிய கொட்டிலினுள்ளே எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தலும், மின்வெட்டு நேரத்தில் வீட்டினுள்ளே ஜெனரேற்றரை இயக்குதலும் இக்காரணத்தால் ஒருபோதும் ஆகா. கண்டும் கேட்டும் அறிய முடியாததைக் கற்றே அறியவேண்டும்.

அன்று விடைபெறும்போது முதியவர், "மாஸ்ரர், நீங்கள் எழுதுற ஆள்தானே, வண்டிக்கும் ஒரு கொப்பி வையுங்கோ" என்றார். அன்றுமுதல் வைத்திருக்கிறேன். ஒயில் மாற்றிய நாள், ஓடிய கிலோமீற்றர், பிளக்கின் நிறம், புதிதாய்க் கேட்ட ஓசை என்பன அதில் உள. அதன் முதற்பக்கத்தில் அவர் கேட்ட மூன்று கேள்விகளையும் எழுதியுள்ளேன். என் மகள் இப்பொழுது அதே வண்டியில் வேலைக்குச் செல்கிறாள்; கொப்பியும் அவளிடமே இருக்கிறது.