பருகும் நீருக்கு நன்றி

தண்ணீரின் அருமையைச் செட்டிநாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு எதுவும் பாயாத மண் இது. ஊருணியும் கண்மாயும் நிறைந்தால் நல்ல ஆண்டு. அவை வெடித்துக் கிடந்தால் வாடும் ஆண்டு. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நகரத்தார் எழுப்பிய பெருவீடுகளும், ஓட்டின்மேல் விழும் மழைநீரை முற்றத்தில் வாங்கிச் சேர்க்கும் வகையிலே அமைந்தவை. எனினும் தண்ணீர் இல்லையே என்று வருந்தும் நாம், கிடைத்த தண்ணீருக்காக இறைவனுக்கு எத்தனை முறை நன்றி கூறியிருப்போம்?

நம்மோடு கலந்து வாழும் இசுலாமியச் சகோதரரின் திருமறை இக்கேள்வியை நேராகவே கேட்கின்றது. நீங்கள் அருந்தும் நீரை மேகத்தினின்று இறக்கியவர் யார், நீங்களா, இறைவனா என்று வினவுகின்றது திருக்குர்ஆனின் 56-ஆம் அத்தியாயம். அவர் நினைத்திருந்தால் அதை உவர்நீராக்கியிருக்கக் கூடுமே, பின்னும் நன்றி செலுத்தாதது ஏன் என்றும் அது தொடர்ந்து கேட்கின்றது. கிணறு உவர்த்துப்போன ஊரில் வாழ்பவருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

அரபு மொழியில் நன்றிக்கு 'ஷுக்ரு' என்று பெயர். அதற்கு எதிர்ச்சொல் 'குஃப்ரு'. இறைவனை மறுத்தலைக் குறிக்கும் அதே சொல்தான் நன்றி மறத்தலையும் குறிக்கின்றது. மூடி மறைத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். பெற்ற நன்மையை மூடி மறைப்பவன், தந்தவரையும் மறைத்துவிடுகிறான் என்பது இதனுள் அடங்கிய ஆழ்ந்த கருத்து.

ஆகவேதான் இசுலாத்தில் நன்றி என்பது மனம் விரும்பும்போது மட்டும் எழும் உணர்ச்சியாக விடப்படவில்லை. நாள்தோறும் ஆற்றும் கடமையாக வகுக்கப்பட்டுள்ளது. ஐந்து வேளைத் தொழுகையில் கடமையான ரக்அத்துகள் 17. ஒவ்வொன்றிலும் திருமறையின் முதல் அத்தியாயம் ஓதப்படுகின்றது. அதுவோ இறைபுகழோடு தொடங்குவது. விளைந்த நாளானாலும் வாடிய நாளானாலும், ஒரு தொழுகையாளி குறைந்தது 17 முறை இறைவனைப் புகழாமல் உறங்கச் செல்வதில்லை. 78 வசனங்கள் கொண்ட 55-ஆம் அத்தியாயத்திலோ, இறைவனின் அருட்கொடைகளில் எதைத்தான் மறுப்பீர்கள் என்னும் பொருளுடைய வசனம் 31 முறை வருகின்றது. நமது விவிலியத்தின் 136-ஆம் திருப்பாடலில், இறைவனின் பேரன்பைப் போற்றும் தொடர் 26 முறை திரும்பத் திரும்ப ஒலிப்பது இங்கே நம் நினைவுக்கு வருகின்றது.

சரி, மழையே பொய்த்துவிட்டால்? அங்கேதான் நன்றி சோதிக்கப்படுகின்றது. தொழுகைக்கு முன் முகம், கை, கால்களை நீரால் தூய்மை செய்ய வேண்டும். நீர் கிடைக்காவிடில் தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளலாம் என்கிறது 5-ஆம் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம். நீங்கள் நன்றியுள்ளவர்களாய் இருக்கவே இச்சலுகை என்று அவ்வசனம் முடிகின்றது. நீர் இல்லாமை தொழுகைக்கும் தடையன்று, நன்றிக்கும் தடையன்று! வறட்சி நீடித்தால் மக்கள் திறந்தவெளியில் கூடி மழைத் தொழுகை நடத்துவதும் உண்டு. அப்போது முதலில் வேண்டுவது பாவமன்னிப்பு. நிலைமை மாறட்டும் என்பதற்கு அடையாளமாக மேலாடையைத் திருப்பிப் போட்டுக்கொள்வதும் மரபு.

1111-இல் மறைந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி, தமது பெருநூலில் பொறுமையையும் நன்றியையும் தனித்தனியே பிரிக்காமல் ஒரே பகுதியில் வைத்து விளக்கினார். நன்றி என்பது அறிவு, மனநிலை, செயல் என்னும் மூன்றும் சேர்ந்தது என்பது அவர் கருத்து. கொடுத்தவர் இறைவன் என அறிதல். அதனால் உள்ளம் மகிழ்தல். கொடுத்ததை அவர் விரும்பும் வழியில் பயன்படுத்தல். மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் நிறைவு பெறா.

அந்தச் செயலை நாம் ரமலான் மாதத்தில் கண்ணாரக் காண்கிறோம். நோன்பு நோற்பதும் நன்றியின்பொருட்டே என்று திருக்குர்ஆனின் 2-ஆம் அத்தியாயம் கூறுகின்றது. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் பிற்பகலில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சி நோன்பாளியோடு நிற்பதில்லை. தூக்குப் பாத்திரத்தோடு வரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும், எந்தச் சமயத்தினர் என்று கேளாமல் ஊற்றப்படுகின்றது. சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கை ஏழைகளுக்கு அளிக்கும் ஸகாத்தும் இத்தகையதே. நன்றி வாயிலிருந்து கைக்கு இறங்கி வருவது இப்படித்தான்.

நம் விசுவாசத்துக்கும் அவர்தம் நம்பிக்கைக்கும் இடையே பெரிய வேறுபாடுகள் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஒரே கடவுளை வணங்கி, செபத்தாலும் தருமத்தாலும் நோன்பாலும் அவரைப் போற்றும் இசுலாமியரைத் திருச்சபை மதிப்போடு நோக்குகின்றது என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் அறிவித்தது. நாம் நிறைவேற்றும் நற்கருணைப் பலிக்கும் கிரேக்க மொழியில் நன்றி கூறல் என்றே பெயர். அப்படியிருக்க, ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் குறைகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பது நமக்குத் தகுமா?

லூக்கா நற்செய்தியில் குணம் பெற்ற தொழுநோயாளர் பத்துப்பேர்; நன்றி சொல்லத் திரும்பி வந்தவரோ ஒருவர். அவரும் சமாரியர், அயலினத்தவர். அவரை முன்னிறுத்தியே இயேசு மற்ற ஒன்பது பேரைப் பற்றிக் கேட்டார். அடுத்த தெருப் பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழும்போது, அந்த ஒன்பது பேருள் நாமும் ஒருவரோ என்று எண்ணிப் பார்ப்போம்.

இன்றிரவு குடும்ப செபத்தில் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அன்று பருகிய தண்ணீருக்காக நன்றி சொல்லச் செய்வோம். நாளைக் காலை, வீட்டுக் குழாயில் வீணே சொட்டும் நீரையும் நிறுத்துவோம். இரண்டும் சேர்ந்ததே நன்றி.