மண்ணில் மருந்து – 17: அடுத்த போகத்துக்கு மிஞ்சுவது

சென்ற வாரம் பார்த்த பெண்டிமெத்தலின் களைக்கொல்லிக்கு நெல் தரிசில் வேலை குறைவு. களை முளைக்கும் முன்பே மண்ணில் படிந்திருக்க வேண்டிய மருந்து அது. டெல்டாவிலோ அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தூவிவிடுகிறார்கள். நெல் அறுத்த பிறகு பார்த்தால் உளுந்தும் புல்லும் சேர்ந்தே தலைகாட்டும். கைக்களைக்கு ஆள் கிடைக்காதவர்கள் அப்போது தேடிப்போவது இமாசெத்தாபிர் என்ற களைக்கொல்லியை. 15–20 நாள் பயிரில் ஹெக்டேருக்கு 50 கிராம் வீரியப்பொருள். 10 சதவீதக் கரைசலென்றால் அரை லிட்டர்.

இரண்டரை ஏக்கருக்கு இவ்வளவுதான். ஆனாலும் வேலின், லூசின், ஐசோலூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செய்யும் நொதியை அது முடக்கிவிடுகிறது. களை உடனே கருகாது. வளர்ச்சி நின்று, மஞ்சளாகி, மெல்லச் சாகும். அதே நொதி உளுந்திலும் சோயாவிலும் உண்டு. அவை பிழைப்பது மருந்தை விரைவாகச் செரித்துவிடுவதால். கடுகுக்கும் பீட்ரூட்டுக்கும் அந்தத் திறன் போதாது; மண்ணில் மிஞ்சிய மருந்தே அவற்றைத் தாக்கிவிடும். அமெரிக்காவில் சோயாவுக்கு விற்ற இமாசெத்தாபிரின் லேபிளில், அடுத்து மக்காச்சோளம் போட எட்டரை மாதமும் சர்க்கரை பீட் போட 40 மாதமும் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் லேபிளை யார் படிக்கிறார்கள்? எழுத்தும் பூதக்கண்ணாடி கேட்கிற அளவில்தான் இருக்கிறது.

இந்த மருந்தைச் சிதைப்பவை பெரும்பாலும் மண்ணின் நுண்ணுயிரிகள். அவற்றுக்கு ஈரம், வெதுவெதுப்பு, காற்று மூன்றும் வேண்டும். அமில மண்ணில் மருந்து களியோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு அவற்றுக்கு எட்டாமல் போகிறது. கார மண்ணில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. சல்பனைல்யூரியா என்ற இன்னொரு களைக்கொல்லி வகையில் பல இதற்கு நேரெதிர். அதனால் பக்கத்து ஊர் அனுபவத்தை அப்படியே நம்பி இறங்க முடியாது.

நீர் கட்டிய வயலில் காற்று குறைவதால் சிதைவும் மந்தமாகிறது. பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில், இமாசெத்தாபிர் வகை மருந்தைத் தாங்கும் நெல்லுக்கு அதைத் தெளித்த வயலில் பிறகு சாதாரண நெல் போட்டபோது பயிர் அடிவாங்கியது. இங்கே 2021இல் வந்த பூசா பாஸ்மதி 1979, 1985 இரண்டும் இமாசெத்தாபிரைத் தாங்கும் நெல்கள்தாம். நம் குறுவை ரகங்களுக்கு அந்தத் தாங்கும் குணம் கிடையாது.

மாசியில் உளுந்துக்குத் தெளித்துவிட்டு ஆனியில் நாற்று நடுகிறவருக்கு இடையில் கிடைப்பது சில மாதங்கள், அதிலும் பாதி காய்ந்த மண். மருந்துக்கடையில் களையின் பெயரைச் சொல்கிறோம். அடுத்து என்ன பயிர் என்று சொல்வதில்லை. சந்தேகமிருந்தால் தெளித்த வயலின் மேல்மண்ணை ஒரு தொட்டியிலும், மருந்து படாத மண்ணை இன்னொன்றிலும் நிரப்பி, இரண்டிலும் கடுகோடு, போடப்போகிற நெல்லையும் விதைத்து இரண்டு மூன்று வாரம் பாருங்கள். தெளித்த மண்ணில் மட்டும் வேர் கட்டையாக நின்றால், அங்கே நடவை ஒத்திப்போடுவதே நல்லது.

(தொடரும்)