ஸ்கூட்டர் கிளம்பவில்லையா? உதைக்கும் முன் மோந்து பாருங்கள்!

மும்பையில் மழை பிடித்துக்கொண்டால் ரெயில் தாமதம், பஸ் தாமதம் என்பதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். தாராவி, சயன் கோலிவாடா, செம்பூர் பக்கத்துச் சந்துகளில் காலை எட்டு மணிக்கு அதைக் காணலாம். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, பையில் சாப்பாட்டு டப்பா. ஆபீசுக்குக் கிளம்பிய ஒருவர் தன் பழைய ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருப்பார். இருபது உதை, முப்பது உதை. வண்டி 'டர்ர்' என்று முனகும். கிளம்பாது.

இந்த நேரத்தில் யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இருக்காது. "பிளக்கைக் கழற்றித் துடைங்க" என்பார் ஒருவர். "சோக்கை நல்லா இழுத்து உதைங்க" என்பார் இன்னொருவர். "வண்டியை ஒரு பக்கமாச் சாய்ச்சு நிமிர்த்துங்க" என்பார் மூன்றாமவர். மூன்றையும் செய்து பார்த்தபிறகு, வியர்வையில் சட்டை நனைந்த நிலையில், வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போவார். "கார்புரேட்டர் போச்சு, புதுசு போடணும்" என்று அங்கே சொல்லிவிட்டால் அந்த மாதச் செலவுக் கணக்கில் துண்டு விழும்.

உண்மையில் போனது கார்புரேட்டராக இருக்காது. அதற்குள் இருக்கும் ஒரு சிறு ஊசியாகவே பெரும்பாலும் இருக்கும்.

ராணாவின் குதிரை

புனேயை அடுத்த ஆகுர்டி தொழிற்சாலையில் 1972-ல் தயாராகத் தொடங்கிய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டருக்கு ராணா பிரதாப் சிங்கின் குதிரையின் பெயரை வைத்தார்கள். பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. மாமனார் வீட்டுச் சீரில் அதைக் கேட்டு வாங்கிய மாப்பிள்ளைமார் பலர். இப்போது சேட்டக் என்ற பெயரில் வருவது மின்சார ஸ்கூட்டர். 2020-ல் விற்பனைக்கு வந்த அதில் பெட்ரோலும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. ஆனாலும் அப்பா ஓட்டிய பழைய வண்டியை விற்க மனமில்லாமல் வைத்து ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குதிரைக்கு வயதாகிவிட்டது. அடம்பிடிக்கத்தான் செய்யும்.

தாராவியில் தகரக் கொட்டகை போட்டு இதுபோன்ற வண்டிகளைப் பார்க்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துகிறவரிடம் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"மோந்து பார்த்தீங்களா தம்பி?"

உதைத்தும் கிளம்பாத வண்டியில் பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தால், பிளக்கைக் கழற்றும்போது அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தால், எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் இல்லை. அளவுக்கு மீறிப் போயிருக்கிறது. இதைத்தான் 'ஓவர்புளோ' என்கிறார்கள். பிளக் காய்ந்து கிடந்தால் கதையே வேறு. பெட்ரோல் வரவில்லை என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது. இது தெரியாமல் யோசனை சொல்கிறவர்களால்தான் பாதிக் கோளாறு வருகிறது.

தொட்டியும் மிதவையும்

மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளலாம். தண்ணீர் ஏற ஏற உள்ளே மிதக்கும் பந்தும் மேலே ஏறி, குழாயை அடைத்துவிடும். கார்புரேட்டரிலும் இதே ஏற்பாடுதான். அதற்குள் சின்னஞ்சிறு பெட்ரோல் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மிதவை. பெட்ரோல் நிரம்பியதும் மிதவை உயர்ந்து, ஒரு ஊசியைத் தள்ளி, வழியை அடைக்கிறது. மெக்கானிக்குகள் இதை 'நீடில்' என்பார்கள்.

அந்த ஊசியின் நுனியில் மணல் அளவு துரு ஒட்டினாலும் வழி முழுதாக அடைபடாது. சேட்டக் வண்டியில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குக் கீழே, கார்புரேட்டருக்கு மேலே இருக்கிறது. டேப் மூடாமல் இருந்தால் பெட்ரோல் இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும்.

இறங்கியது எங்கே போகிறது? கொஞ்சம் தரையில் வழியலாம். மீதி எஞ்சினுக்குள் போகும். இது டூ-ஸ்டிரோக் எஞ்சின். பெட்ரோலும் ஆயிலும் கலந்து முதலில் பிஸ்டனுக்கு அடியிலுள்ள அறைக்குப் போய், அங்கிருந்துதான் மேலே வரும். எனவே ஒழுகிய பெட்ரோல் அந்த அடி அறையில் தேங்கி நிற்கிறது. பிளக்கை ஒருமுறை துடைத்துப் போட்டாலும் அடுத்த உதையில் அது மறுபடி நனைவது இதனால்தான். துடைத்தவர் பிளக்கைத் திட்டுவார். பிளக் மேல் குற்றமில்லை.

சாய்ப்பதா, கூடாதா?

ஸ்கூட்டரைச் சாய்த்து நிமிர்த்தும் பழக்கம் நாடு முழுவதும் உண்டு. பல நாள் நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் வராமல் இருந்தால் அதனால் பலன் கிடைக்கும். ஏற்கெனவே மூச்சுமுட்டப் பெட்ரோல் குடித்த வண்டியைச் சாய்ப்பது, நீரில் விழுந்தவன் வாயில் இன்னும் தண்ணீரை ஊற்றுவது போல. சோக்கை இழுப்பதும் அப்படியே.

அண்ணாச்சி செய்வது வேறு. முதலில் பெட்ரோல் டேப்பை மூடுகிறார். சோக்கை உள்ளே தள்ளுகிறார். மழையில் சோக் கேபிள் துருப்பிடித்து, கைப்பிடி உள்ளே போனாலும் கேபிள் பாதியில் நின்றுவிடுவதுண்டு. அதையும் ஒரு கண் பார்க்கிறார். பிறகு பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு முறை உதைக்கிறார். பிளக் துவாரம் வழியாகப் பெட்ரோல் புகைபோல் சீறி வெளியேறுகிறது. பத்து நிமிடம் அப்படியே காற்றாட விட்டு, துடைத்துக் காயவைத்த பிளக்கைப் போட்டு, டேப்பைத் திறக்காமலே உதைக்கிறார். எஞ்சினில் மிச்சம் இருக்கும் பெட்ரோலே கிளப்புவதற்குப் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க அதை எஞ்சின் உடம்பில் வைத்து உதைப்பது வழக்கம். ஓவர்புளோ ஆன வண்டியில், பெட்ரோல் ஆவி சீறும் துவாரத்துக்குப் பக்கத்தில், அதைச் செய்யவே கூடாது. ஒரு பொறி போதும். தரையில் வழிந்த இடத்திலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்தி, எல்லாம் காய்ந்த பிறகே அந்தச் சோதனை. இருட்டுச் சந்தில் பெட்ரோல் ஒழுகுகிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற ஆட்களும் உண்டு. அவர்களைப் பக்கத்தில் விடாமல் இருப்பது நல்லது.

ஊசிக்கு வைத்தியம்

வண்டி கிளம்பியதோடு வேலை முடிந்துவிடாது. மறுநாள் காலை அதே கூத்து நடக்கும். கார்புரேட்டர் மூடியைத் திறந்து ஊசியைப் பார்த்தாக வேண்டும். நுனியில் வளையம்போல் பள்ளம் விழுந்திருந்தால் ஊசியை மாற்ற வேண்டியதுதான். அழுக்கு மட்டும் என்றால் கழுவி ஊதினால் போதும். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்துவது தவறு. பித்தளை மெதுவானது, துவாரம் பெரிதாகிவிட்டால் அந்த வண்டி ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும்.

மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார் அண்ணாச்சி. 'களக் களக்' என்றால் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்துவிட்டது. கனத்துப்போன மிதவை மேலே எழும்பாது, ஊசியையும் தள்ளாது. கடைசியாக, பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான குழாய்த் துண்டைச் செருகி லேசாக ஊதிக்கொண்டே மிதவையைத் தூக்குகிறார். காற்று நின்றால் சரி. தொடர்ந்து போனால் அடைப்பு சரியில்லை. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. புது கார்புரேட்டர் வாங்கச் சொல்கிறவரிடம் இதை ஒருமுறை செய்து காட்டச் சொல்லலாம்.

துரு எங்கிருந்து வருகிறது? டேங்கிலிருந்துதான். 2025-ல் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. மழைக்காலத்தில் பாதி டேங்க் பெட்ரோலோடு வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, இரும்பு டேங்க் துருப்பிடிக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் சாமான்களும் இந்தக் கலப்புக்கென்று செய்யப்பட்டவை அல்ல. குழாயும் வாஷரும் சீக்கிரம் ஊறிக் கெட்டுவிடுகின்றன. ஊருக்குப் போகிறவர்கள் டேங்கைக் காலி செய்துவிட்டுப் போகலாம். தினமும் ஓட்டுகிறவர்கள் இரவில் டேப்பை மூடினாலே போதும்.

"வீட்டுக் கதவைப் பூட்டுறீங்க, கேஸ் சிலிண்டரை மூடுறீங்க. இதை மட்டும் ஏன் தம்பி விட்டுடுறீங்க?" என்கிறார் அண்ணாச்சி.

"மறந்திடுது அண்ணாச்சி" என்கிறார் சாப்பாட்டு டப்பாக்காரர்.

மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. தேங்கிக் கிடந்த ஆயிலெல்லாம் எரிந்து சந்து முழுக்க வெள்ளைப் புகை. எதிர் வீட்டு வராந்தாவில் துணி காயப்போட்டிருந்த அம்மாள் ஏசத் தொடங்குமுன், ஆபீஸ் போகிறவர் முதல் கியரைப் போட்டார்.