உங்களுக்குத் தெரியுமா? தறிகெட்டு ஓடும் இதயத்துக்குக் கடிவாளம்!

உங்கள் இதயம் ஒரு நாளில் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது! அதன் தாளம் தப்பினால் சரிசெய்யும் மருந்துகளில் ஒன்று, இதயத்தையே சில நொடி நிறுத்திவிடும். ஆமாம், நிறுத்தியேவிடும்!

அதன் பெயர் அடினோசின். ரத்தத்தில் கலந்த 10 நொடிக்குள் பாதி மருந்து காணாமல் போய்விடும்! அதனால் நர்ஸ் கையில் எப்போதும் இரண்டு சிரிஞ்சு. ஒன்றில் 6 மில்லிகிராம் மருந்து, இன்னொன்றில் 20 மில்லி சலைன். 2 நொடிக்குள் மருந்து உள்ளே! அது முடிந்ததும் விருட்டென்று சலைன். நோயாளியின் கை மேலே தூக்கப்படும். எல்லார் கண்ணும் மானிட்டர் மேல். நிமிடத்துக்கு 180 என்று துள்ளிய கோடு, அப்படியே படுத்துவிடும்! ஒன்று... இரண்டு... மூன்று... டக்கென்று மறுபடி எழும், ஒழுங்கான தாளத்தோடு!

அந்தச் சில நொடியில் நோயாளிக்கு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல இருக்கும். செத்தே போய்விடுவோமோ என்று பதறுவார். "கொஞ்ச நேரம்தான், உடனே சரியாயிடும்" என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் நர்ஸுக்கு ஒரு பெரிய சபாஷ்!

காபி குடித்துவிட்டு வந்தவரா? டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஊசியின் வேகத்தைக் காஃபீன் மட்டுப்படுத்திவிடும்!

நேர் எதிர்க்கோடி, அமியோடரோன் என்ற இன்னொரு தாள மருந்து. உடம்பிலிருந்து பாதி மருந்து வெளியேறவே சராசரியாக 58 நாள்! அதன் ஒரே ஒரு 200 மில்லிகிராம் மாத்திரையில் இருக்கும் அயோடின், நம் ஒரு நாள் தேவையைப்போல 500 மடங்கு!

1775. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு பாட்டி, உடல் வீக்கத்துக்கு 20 மூலிகை கலந்த ரகசியக் கஷாயம் வைத்திருந்தார். அதில் வேலை செய்தது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஒரே செடிதான் என்று கண்டுபிடித்தார் டாக்டர் வில்லியம் வித்தரிங். 1785-ல் புத்தகமே போட்டார்! இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் இன்றைய டிஜாக்சின் அந்தச் செடிக் குடும்பத்துப் பிள்ளை!

டிஜாக்சின் தரும் முன் நர்ஸ் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழுசாக 1 நிமிடம் துடிப்பை எண்ணுவார். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் கதையே கிடையாது! பெரியவர்களுக்கு 60-க்குக் கீழ் இறங்கினால் மாத்திரை கொடுக்காமல் டாக்டருக்குத் தகவல் போகும்!

இந்த மருந்து அளவு மீறினால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியலாம்! முறிவு மருந்து எங்கிருந்து வருகிறது தெரியுமா? செம்மறி ஆட்டின் ரத்தத்திலிருந்து! இலங்கையில் பொன்னரளி விஷத்தால் தடுமாறிய இதயங்களையும் அதே ஆட்டு மருந்து மீட்டிருக்கிறது!

1912. இதய நிபுணர் வென்கபாக்கைப் பார்க்க வந்த ஒரு டச்சு வியாபாரி, "என் தாளத்தை நானே சரிசெய்துகொள்வேன்" என்று சவால் விட்டார். மறுநாள் காலை ஒழுங்கான நாடியோடு வந்து நின்றார். சாப்பிட்டது? மலேரியாவுக்கான கொய்னா!

மருந்தே இல்லாமலும் தாளத்தைத் திருப்ப முடியும்! 15 நொடி மூச்சைப் பிடித்து ஊதச் சொல்லி, உடனே மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். 2015-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு இது. வெறுமனே ஊதியவர்களில் தாளம் திரும்பியது 100-க்கு 17 பேருக்கு. காலையும் தூக்கியபோது? 43 பேருக்கு!