குட்டிக்கு விலை சொல்லாத அண்ணாச்சி

திருவேங்கடம் பஜாரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பலசரக்குக் கடை நடத்திய அண்ணாச்சி சென்ற தை மாதம் காலமானார். விளம்பரம் அப்பாவுக்குப் பிடிக்காது, பெயர் போட வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். 'நாய்க்கார அண்ணாச்சி' என்றால் கழுகுமலையிலிருந்து சங்கரன்கோவில் வரை தெரியும். அது போதும்.

முப்பது ஆண்டுகள் அவருக்குச் சரக்குப் போட்டவன் நான். தவணை தவறியதில்லை. ஆனால் கணக்கு முடித்துவிட்டு உடனே கிளம்ப விடமாட்டார். "தம்பி, புதுசா போட்ட குட்டியப் பாத்துட்டுப் போங்க" என்று கொல்லைக்கு அழைத்துப் போய்விடுவார்.

அவர் வளர்த்தது கன்னியும் சிப்பிப்பாறையும். பக்கத்து விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை கிராமத்தின் பெயரே இனத்தின் பெயரானது. கறுப்பு உடம்பில் கண்ணுக்கு மேலும் காலிலும் பழுப்பு இருந்தால் கன்னி, ஒரே நிறமாக இருந்தால் சிப்பிப்பாறை என்று நம் பக்கம் பிரிப்பார்கள். நீண்ட முகம், ஒட்டிய வயிறு. கரிசல் காட்டில் முயலை ஓடிப் பிடிப்பதற்கென்றே அமைந்த உடம்பு. "ஊருக்கெல்லாம் அரிசி போடுதீங்க, நாய்க்கு ஒரு பிடி போடக் கூடாதா?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். விலா எலும்பு லேசாகத் தெரிந்தால்தான் அந்த நாய் சரியாக இருக்கிறது என்று பொருள். அண்ணாச்சி கம்பங்கூழும் மோரும் அளந்து ஊற்றுவார். இறைச்சி வாரம் ஒரு நாள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. பின்னால் வந்த திருத்தங்களோடு முயல் வேட்டை நின்றது, நிற்க வேண்டியதுதான். ஆனால் வேட்டைக்காக வளர்த்த நாய்க்கு வேலை போனது. வேலை இல்லாத நாய்க்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள்? பல வீடுகளில் வளர்ப்பதை விட்டுவிட்டார்கள். அண்ணாச்சி விடவில்லை. குடோனுக்கும் தோட்டத்துக்கும் காவலாக வைத்துக்கொண்டார்.

கடைக்கு இருந்தது போலவே நாய்க்கும் ஒரு பேரேடு வைத்திருந்தார். தேதி, தாய், தகப்பன், நிறம், வாங்கிப் போனவர் ஊர், தடுப்பூசி போட்ட நாள் எல்லாம் அதில் உண்டு. தொகைப் பத்தியில் மட்டும் கோடு. குட்டியை அவர் விற்றதே இல்லை. பெட்டைக் குட்டி வாங்கினவர் முதல் ஈற்றில் ஒரு பெட்டையைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவே விலை. எல்லோரும் ஆண் குட்டியே கேட்பார்கள், பெட்டை கவனிப்பாரின்றிப் போகும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இணை சேர்க்கும்போது பேரேட்டைப் புரட்டி, மூன்று தலைமுறைக்குள் உறவு இல்லாத நாயைத் தேடி வெளியூர் போவார். "நாம அத்தை மகளைக் கட்டிக்கிடுதோம், நாய்க்கு மட்டும் ஆகாதோ?" என்று நான் கேட்டதற்கு மதினி பக்கம் திரும்பிச் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. மதினி அவருக்கு அத்தை மகள்.

தடுப்பூசிப் பத்தி பின்னால் சேர்ந்தது. ஒரு வருடம் பார்வோ நோய் வந்து, இரத்தக் கழிச்சலில் ஓர் ஈற்றுக் குட்டிகள் அத்தனையும் செத்தன. அன்று அரை நாள் கடை திறக்கவில்லை. கொடுக்கல் வாங்கலில் எத்தனையோ நட்டம் பார்த்தவர், அன்று கலங்கியது போல் நான் பார்த்ததில்லை.

2005இல் நம் நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வந்தபோது ராஜபாளையம் இடம் பெற்றது, சிப்பிப்பாறை இல்லை. அவருக்கு அது ஒரு குறை. 2020இல் தேசிய அளவில் பதிவு பெற்ற முதல் நாய் இனங்களில் ராஜபாளையத்தோடும் முதோலோடும் சிப்பிப்பாறையும் சேர்ந்தது. அந்த ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் கன்னி, சிப்பிப்பாறை பெயர்களைச் சொன்ன பிறகு கடை வாசலுக்குக் கார்கள் வரத் தொடங்கின. கேட்ட விலை கொடுக்கத் தயார் என்றார்கள். "விலை வச்சா கூடுதலா கேக்கவன் வீட்டுக்குப் போயிரும். நல்லா வளக்கவன் வீட்டுக்குப் போவாது" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

மணப்பெண்ணோடு சீராகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்ததாக ஒரு பேச்சு உண்டு. அதை நம்பினாரோ என்னவோ, மூன்று மகள்களுக்கும் சீர் வரிசையோடு ஒரு குட்டி போனது. மூத்த மாப்பிள்ளை நாய்க்குப் பயப்படுவார். ஆறு மாதம் கழித்து, மகளைப் பார்க்கப் போகிற சாக்கில் நாயைப் பார்த்து வந்த அண்ணாச்சி, "மாப்பிள்ள கட்டில்லதான் படுத்திருக்கு" என்று வியாபாரத்தை மறந்து சொல்லிக்கொண்டிருந்தார். மதினிக்கு முழங்கால் முடியாமல் போனதிலிருந்து காலை டீ போடுவது அவர் வேலை. முதல் டம்ளர் மதினிக்கு, பிறகு நாய்களுக்குக் கூழ், அதன் பிறகே கடைச் சாவி.

ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில் டோபர்மேன் என்றொருவர் இருந்தார். வரி வசூல் செய்தவர் (வசூலுக்குப் போகிற ஆளுக்கு நாய்த் துணை தேவைப்பட்டதில் நமக்கு வியப்பில்லை). 1894இல் அவர் மறைந்தார், அவர் பெயர் இன்றும் உலகெங்கும் நாயின் பெயராக இருக்கிறது. நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இனத்தைக் காத்தவர்களின் பெயர் அவரவர் வீட்டோடு சரி.

கடையை இப்போது பார்க்கும் இளைய மகனுக்கு நாய் வளர்க்க நேரமில்லை. இருக்கிற நாலையும் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று பேச்சு நடந்தது. பதினாறாம் நாள் விசேஷத்தன்று கழுகுமலைப் பக்கத்து விவசாயி ஒருவர் வயர்க் கூடையோடு வந்தார். "அண்ணாச்சிக்கு ஒரு பெட்டை பாக்கி" என்றார். யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. மகன் பேசாமல் நின்றான். மதினிதான் பேரேட்டை எடுத்துவரச் சொல்லி, மருமகளை விட்டு வரவு எழுத வைத்தார். தாய், தகப்பன், நிறம் எல்லாம் கேட்டு எழுதினார்கள்.

போன வாரம் போயிருந்தேன். அந்தக் குட்டி புளி மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. பேரேட்டில் இன்னும் ஏழு பேர் பாக்கி என்று மருமகள் சொன்னாள்.