எடிட்டிங் ப்ராஜெக்ட் மக்கர் பண்ணுதா? 92,000 ரூபாயை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், ஹோம் லோன்னுதான் பேசுவோம். இன்னைக்கு விஷயம் கொஞ்சம் வேற, ஆனா இதுவும் பணக் கணக்குதான். சைடு இன்கமுக்காக யூடியூப் ஆரம்பிச்சவங்க பல பேர் ஒரு கட்டத்துல சொல்ற வசனம் ஒண்ணு இருக்கு: "எக்ஸ்போர்ட் பாதியில நிக்குது, டைம்லைன் சிக்குது, சிஸ்டத்தை மாத்தியே ஆகணும்."

நம்ம சேனல் எடிட்டர் தம்பிக்கும் போன மாசம் இதே நிலைமை. 22 நிமிஷ வீடியோ, மறுநாள் காலையில ஸ்பான்சர் கைக்குப் போகணும். எக்ஸ்போர்ட் 63 சதவீதத்துல நின்னுடுச்சு. புது சிஸ்டத்துக்குக் கடையில போட்டுக் கொடுத்த கொட்டேஷன் 92,000 ரூபாய். 15 சதவீத வட்டியில 12 மாச ஈஎம்ஐன்னா மாசம் சுமார் 8,304 ரூபாய். வட்டி மட்டும் 7,600-ஐத் தாண்டுது. கிரெடிட் கார்டு ஈஎம்ஐயா இருந்தா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி தனி. சேனலுக்கு இப்பதான் நாலு காசு வர ஆரம்பிச்சிருக்குன்னா இது சின்னத் தொகை இல்லீங்க.

அதனால முதல்ல ஒரே ஒரு விஷயத்தைக் கவனிங்க. எக்ஸ்போர்ட் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல நிக்குதா, இல்ல இடம் மாறி மாறி நிக்குதா? மாறி மாறி நின்னா சந்தேகம் கம்ப்யூட்டர் மேல: சூடு, மெமரி, டிஸ்க்ல இடம் இல்லாதது, கிராபிக்ஸ் டிரைவர். அதே இடத்துல நின்னா பெரும்பாலும் அந்த இடத்துல இருக்கிற ஏதோ ஒரு கிளிப்போ எஃபெக்டோதான் காரணம்.

தம்பிக்கு மூணு தடவையும் 63-தான். டைம்லைனைப் பாதியா வெட்டி ரெண்டையும் தனித்தனியா எக்ஸ்போர்ட் பண்ணச் சொன்னோம். எது நிக்குதோ அதை மறுபடியும் பாதியா வெட்டணும். இப்படி அஞ்சே தடவையில 22 நிமிஷம் ஒரு நிமிஷத்துக்குள்ள சுருங்கிடும். கடைசியில மாட்டினது ஒரு படம். ஃபண்ட் ஃபேக்ட்ஷீட்டைப் பெருசு பண்ணி எடுத்தது, 14,000-க்கு 9,900 பிக்சல். வீடியோவோட அகலமே 1,920 பிக்சல்தான்! ஃபைலா பார்த்தா சில எம்பி. ஆனா மெமரியில விரிச்சா அந்த ஒரு படமே 550 எம்பிக்கு மேல. அது மேல ஜூம் எஃபெக்ட் வேற. படத்தைச் சின்னதாக்கி மறுபடி வெச்சதும் எக்ஸ்போர்ட் முடிஞ்சுது. செலவு பூஜ்ஜியம்.

அடுத்தது, நம்ம மாதிரி பணம் பேசுற சேனலுக்கு ரொம்ப ஆபத்தான கோளாறு: சத்தமும் படமும் விலகிப் போறது. ஆரம்பத்துல சரியா இருக்கும், போகப் போகத் தள்ளிடும். விநாடிக்கு 30 ஃபிரேம்னா 20 நிமிஷத்துக்கு 36,000 ஃபிரேம். 29.97-ன்னா 35,964. வித்தியாசம் வெறும் 36 ஃபிரேம்தான், ஆனா அது 1.2 விநாடி. ஒண்ணை இன்னொண்ணா மென்பொருள் எடுத்துக்கிட்டா, நீங்க பிபிஎஃப் வட்டியைச் சொல்லும்போது திரையில அடுத்த அட்டவணை வந்து நிக்கும். பார்க்கிறவர் தப்பான நம்பரை எழுதிக்கிட்டுப் போவார்.

போன் கேமராவும் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும்தான் இதுல முக்கியக் குற்றவாளிகள். வெளிச்சத்தைப் பொறுத்து, போனோட வேலைப்பளுவைப் பொறுத்து ஃபிரேம் எண்ணிக்கையை அதுவே ஏத்தி இறக்கிக்கும். புது வெர்ஷன் மென்பொருள்கள் ஓரளவு சமாளிக்குது. ஆனாலும் ஹேண்ட்பிரேக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அதுல கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்னு தேர்ந்தெடுத்து மாத்தின பிறகு டைம்லைன்ல போடுறது நல்லது. வெட்டி ஒட்டினதுக்கு அப்புறம் மாத்துறது தலைவலி. முதல்லயே செஞ்சுடுங்க.

சிவப்புத் திரையில 'மீடியா ஆஃப்லைன்'னு வந்தா பயப்படவே வேண்டாம். ப்ராஜெக்ட் ஃபைலுக்குள்ள உங்க வீடியோ கிடையாது, அது எந்த ஃபோல்டர்ல இருக்குங்கிற முகவரிதான் இருக்கு. ஃபோல்டர் பேரை மாத்தினா, பென் டிரைவைக் கழட்டினா முகவரி தப்பாயிடும். ரீலிங்க் கொடுத்துப் புது இடத்தைக் காட்டுங்க, அவ்வளவுதான். டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துறவங்க ஒண்ணு தெரிஞ்சு வெச்சுக்கணும். அதுல ப்ராஜெக்ட் தனி ஃபைலா இல்லாம டேட்டாபேஸ்ல இருக்கும். வீடியோ ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணா எடிட் வராது. ப்ராஜெக்ட்டைத் தனியா எக்ஸ்போர்ட் பண்ணி வைக்கணும்.

பழைய கிளிப் எட்டிப் பார்க்குது, சத்தம் திடீர்னு காணோம்னா, மென்பொருளை மூடிட்டு மீடியா கேஷை அழிங்க. அது மறுபடி தானா உருவாகிக்கும், ஒரிஜினல் வீடியோவுக்கு ஒண்ணும் ஆகாது. பிரீமியர்ல ப்ராஜெக்ட்டே திறக்கலைன்னா புதுசா காலி ப்ராஜெக்ட் ஆரம்பிச்சு, பழசை அதுக்குள்ள இம்போர்ட் பண்ணிப் பாருங்க. பல சமயம் பிழைச்சுக்கும். 4கே வீடியோ ஓடாம சிக்குதுன்னா ப்ராக்ஸி போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இவ்வளவும் செஞ்சும் சரியாகலையா? எடிட் பண்ணும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைங்க. மெமரி முட்டிக்கிட்டு நின்னா ரேம் மட்டும் கூட்டினா போதும். டிஸ்க் 100 சதவீதம் காட்டினா எஸ்எஸ்டி போடுங்க. முழு சிஸ்டமும் மாத்த வேண்டிய நிலைமை உண்மையிலேயே வந்தா, ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க. தொழிலுக்குப் பயன்படுற கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் கிடைக்கும். ஆனா அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதுல பாதிதான். மார்ச் மாசம் அவசரப்பட்டு வாங்குறவங்க இதை மறந்துடுறாங்க.

இன்னொண்ணு, கிராக் பண்ண பிளகின். ப்ராஜெக்ட் கிராஷ் ஆகுறதுக்கு இதுவும் ஒரு காரணம்னாலும், என் கவலை அது இல்லை. அதே கம்ப்யூட்டர்லதான் நெட் பேங்கிங்கும் டீமேட்டும் யூடியூப் லாகினும் இருக்கு. கிராக்கோட சேர்ந்து பாஸ்வேர்டு திருடுற புரோகிராமும் உள்ள வரலாம். ஏற்கனவே போட்டிருந்தீங்கன்னா அதை எடுத்துட்டு, முழுசா வைரஸ் ஸ்கேன் ஓட்டி, பாஸ்வேர்டுகளை வேற ஒரு சுத்தமான போன்ல இருந்து இன்னைக்கே மாத்திடுங்க.