ஒரே மரத்தில் ஓர் உருவம்

தேர் வடம் பிடிக்கையில் நம் கண்கள் எழுந்தருளியிருக்கும் சுவாமியிடமே நிலைத்துவிடுகின்றன; அது முறைதான். ஆயினும், தேர் நிலைக்கு வந்த பின் ஒருமுறை அதனை வலம் வந்து பாருங்கள். அடிப்பாகத்தில் வரிசை வரிசையாக யாளிகள், தேவியர், அடியார்கள். யாவும் உளி வடித்த உருவங்கள்.

இத்தகைய தெய்வத் திருவுருவங்களை வழிவழியாகச் செதுக்கிவரும் ஊர், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர். ஒட்டுப்போடாமல் ஒரே மரத்துண்டில் உருவம் முழுவதையும் வடிப்பது இவ்வூரின் தனிச்சிறப்பு. 2020-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வாகை, மா, வேம்பு போன்ற மரங்களை முதலில் நன்கு உலர்த்துகின்றனர். ஈரம் தங்கினால் பின்னர் முகத்திலேயே வெடிப்பு விழும். அளவுகளோ சிற்ப சாத்திரம் வகுத்தவை. விநாயகருக்குப் பஞ்சதாளம், திருமாலுக்கும் சிவபெருமானுக்கும் உத்தம தசதாளம், அதாவது உச்சி முதல் பாதம் வரை 124 அங்குலக் கூறுகள். நாம் அழகு என்று வியப்பது பெரும்பாலும் இக்கணக்கைத்தான்!

இக்கைகளுக்கு வேலை நம் ஆலயங்களிலேயே காத்திருக்கிறது. காதோ காலோ முறிந்த குதிரை வாகனம் மண்டப மூலையில் தூசி படிந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். சில இடங்களில் எண்ணெய் வண்ணத்தை மேன்மேலும் பூசி, முகமே மறைந்திருக்கும். தேர்ந்த தச்சர் முறிந்த உறுப்பை மட்டும் புதிதாகச் செதுக்கிப் பொருத்திவிடுவார். உற்சவத்திற்குப் பத்து நாள் முன்பு அழைத்தால் அவரால் இயலாது. மரம் உலரவே மாதங்கள் ஆகும். இந்த ஆண்டு உற்சவம் முடிந்து வாகனங்களை உள்ளே வைக்கும்போதே நிர்வாகத்தாரிடம் சொல்லிவிடுங்கள்.